ஸ்பெயினில் மடிந்த அயல்நாட்டுத் தொண்டர்களுக்கு நெல்லையில் நினைவுக்கூட்டம்

கேள்வி (பாளையங்கோட்டை):
1936 முதல் 1939 வரை நடந்த ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், குடியரசைக் காக்க ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த சர்வதேசப் படையணியினருள் உயிர்நீத்தவர்களை நினைவுகூர எங்கள் வாசகர் வட்டம் ஒரு கூட்டம் நடத்த விரும்புகிறது. எந்த நாளில் நடத்தலாம், எதைப் பேசலாம் என்று பெரியவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி (தென்காசி):
அக்டோபர் 28 பொருத்தமான நாள், தம்பி. 1938இல் அன்றுதான் பார்சிலோனா அவர்களுக்கு விடைகொடுத்தது. ஆயினும் ஊர் திரும்பியவர்களைவிட அந்த மண்ணிலேயே தங்கிவிட்டவர்களைப் பற்றியே அதிகம் பேசுங்கள். 1937 பிப்ரவரியில் மாட்ரிட் அருகிலுள்ள ஹராமா பள்ளத்தாக்கில், போதிய பயிற்சியின்றிக் களமிறங்கிய அப்படையணியின் பிரிட்டிஷ் பட்டாளத்தின் சுமார் 600 பேரில், முதல் நாள் மாலையில் பாதிக்கும் குறைவானவர்களே களத்தில் எஞ்சினர். யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தி அனுப்பவில்லை என்பதை இளைஞர்கள் அறிய வேண்டும்.

மறுமொழி (அம்பாசமுத்திரம்):
அண்ணாச்சி சொன்ன நாளே சரி. நாக்பூரின் கோபால் முகுந்த் ஹுத்தார் அப்படையில் போரிட்டுச் சிறைப்பட்டு மீண்டதையும், 1938இல் நேரு குண்டுவீச்சுக்கு உள்ளாகியிருந்த பார்சிலோனாவுக்கு நேரில் சென்றதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி (வள்ளியூர்):
அப்போரில் குடியரசை வீழ்த்திய தளபதி பிராங்கோவின் ஆட்சியில் அத்தொண்டர்களின் கல்லறைகள் பல சிதைக்கப்பட்டன. ஆகவே, கிடைக்கும் பெயர்களை நாட்டுவாரியாக உரக்க வாசிக்க அரைமணி நேரமாவது ஒதுக்குங்கள்.