பவர் ஆன்டெனா: ஏறிறங்கு அலைவாங்கி என்று வைக்கலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கார் ரேடியோவுக்காக மோட்டாரால் ஏறி இறங்கும் கம்பிதான் பவர் ஆன்டெனா. அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் குழுவின் பேச்சில் இதுவரை வந்த சொற்களில் மின் அலைவாங்கி, ஆற்றல் அலைவாங்கி, தானியங்கி அலைவாங்கி மூன்றுக்கும்தான் ஆதரவு அதிகம். மூன்றுமே வேண்டாம் என்பது என் கருத்து. மதுரையில் பழைய கார்களுக்கு ஒயரிங் வேலை பார்க்கிறவன் என்கிற முறையில் காரணத்தைச் சொல்கிறேன்.

அந்தக் கம்பி அலையை வாங்குவதற்குக் கரண்ட் தேவையில்லை. மோட்டார் இருப்பது அதை மேலே தள்ளவும் கீழே இழுக்கவும் மட்டும்தான். மின் அலைவாங்கி, ஆற்றல் அலைவாங்கி என்று எழுதினால், கரண்ட் வராவிட்டால் பாட்டு வராது என்றுதான் படிக்கிறவர் எடுத்துக்கொள்வார். உள்ளேயே பெருக்கி (ஆம்ப்ளிஃபையர்) வைத்த ஆன்டெனா தனியாக ஒன்று உண்டு. 'மின்' அதற்குத்தான் பொருந்தும். தானியங்கியும் சரிவராது. சில பழைய கார்களில் டேஷ்போர்டில் தனி சுவிட்சை அழுத்தினால்தான் கம்பி ஏறும், இறங்கும்.

ஏறு தன்வினை, ஏற்று பிறவினை. கையால் இழுத்துவிடும் கம்பியை நாம் ஏற்றுகிறோம்; மோட்டார் வைத்த கம்பி ஏறுகிறது. ஏறு, இறங்கு இரண்டும் சேர்ந்தால் உகரம் கெட்டு ஏறிறங்கு ஆகும். ஆகவே ஏறிறங்கு அலைவாங்கி என்று முன்மொழிகிறேன். பேச்சில் ஏரியல் என்றே சொல்லிவிட்டுப் போகட்டும், அதில் எனக்குத் தகராறு இல்லை.

இந்தப் பெயரை நான் வலியுறுத்துவதற்குப் பட்டறைக் காரணமும் இருக்கிறது. இதில் பழுது பார்க்க உட்காரும்போது முதலில் பிரிக்க வேண்டியது, கோளாறு ஏறிறங்குவதிலா, அலை வாங்குவதிலா என்பதைத்தான். கம்பி முழுசாக மேலே நிற்கிறது, எஃப்.எம். கரகரக்கிறது என்றால் மோட்டாரைக் கழற்றிப் பிரயோஜனமில்லை. கம்பியிலிருந்து ரேடியோவுக்குப் போகும் கோஆக்சியல் ஒயரையும், அடியில் பாடியோடு சேரும் எர்த்தையும் பாருங்கள். அங்கே துரு பிடித்திருக்கும். கம்பி பாதியில் நிற்கிற கார் வேறு மாதிரி. எஃப்.எம். வரும் 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர், அதில் கால் பங்கான 75 செ.மீ. கம்பி இருந்தால் அலையை நன்றாக வாங்கும். கம்பி அந்த உயரத்துக்கு வராவிட்டால் ஊருக்குள் வித்தியாசம் தெரியாது. ஊரைவிட்டு உசிலம்பட்டி தாண்டி, அலை வலுவிழக்கும் இடத்துக்குப் போகும்போது தெரிந்துவிடும்.

ஏறிறங்கும் பக்கம்தான் சொற்கள் நிறைய தேவைப்படுகின்றன. மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து ஒரு ஒயரில் எப்போதும் 12 வோல்ட் இருக்க வேண்டும், ரேடியோவை அணைத்த பிறகும் கம்பியை உள்ளே இழுத்தாக வேண்டுமே. இன்னொரு ஒயரில் ரேடியோவைப் போட்டால் மட்டும் 12 வோல்ட் வரும். இதை ஏவல் ஒயர் என்று சொல்லலாம். பழைய செட்டை மாற்றிப் புது ஸ்டீரியோ போடுகிறவர்கள் இந்த ஒயரை மாட்டாமலே விட்டுவிடுவார்கள். கம்பி அசையவே இல்லை, மோட்டார் சத்தமும் இல்லை என்றால், கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லேம்ப்பை முதலில் வைக்க வேண்டிய இடம் இதுதான். ஃபியூஸ் அடுத்தது.

மோட்டார் சத்தம் வருகிறது, கம்பி வரவில்லை என்றால் கதை வேறு. கம்பி என்பது ஒன்றுக்குள் ஒன்று நுழையும் அடுக்குக் குழாய்கள்தான். அவற்றுக்கு நடுவே பல் வெட்டிய நைலான் சரடு ஒன்று ஓடுகிறது. மோட்டாரின் பற்சக்கரம் அதைத்தான் தள்ளுகிறது. பற்சக்கரம் ஏற்கெனவே நம் புழக்கத்தில் இருப்பதால் இதற்குப் பற்சரடு என்பதே போதும். மேலூர் ரோட்டில் பார்த்த ஒரு பழைய காரில் மேல்நட்டைக் கழற்றிக் கம்பியை உருவினால், பற்சரடின் நுனியில் ஒரு விரல் நீளத்துக்குப் பல்லே இல்லை, மழமழவென்று தேய்ந்திருந்தது. குழாய் இணைப்புகளில் கிரீஸும் கிரானைட் தூசியும் குழைந்து கருப்புச் சாந்தாக ஒட்டியிருந்தது. கம்பி அதில் இறுகியதும் மோட்டார் விடாமல் சுற்றிப் பல்லைச் சீவிவிட்டது. நம் ஊர்த் தூசிக்கு இந்தக் கம்பியில் கிரீஸ் போடவே கூடாது. துணியில் இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டுத் துடைத்தாலே தாராளம்.

சரடு அறுந்திருந்தால் உடைந்த துண்டு உள்ளே தங்கிவிடும், அதை எடுக்காமல் புதுசைப் போட்டால் மறுபடியும் சிக்கும். புதுச் சரடின் பல் பற்சக்கரத்தைப் பார்த்து இருக்க வேண்டும். ஒருவர் நேராகப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் ரேடியோவை அணைத்தால் மோட்டாரே அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கம்பி முட்டிய பிறகும் மோட்டார் சில நொடி ஓடினால் தாங்குவதற்காகச் சில வகைகளில் ஒரு கிளட்ச் உண்டு. அதற்கு நழுவுபிடி. ஃபெண்டருக்குள் (சக்கரத்துக்கு மேலுள்ள பாடித் தகடு) இறங்கும் தண்ணீர் வெளியேறும் குழாய்க்கு வடிகுழாய். ஐப்பசி மழைக்கு முன் அது அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அடைத்திருந்தால் மோட்டார் தண்ணீரில் உட்கார்ந்து போய்விடும்.

பற்சரடு சுருண்டு உட்காரும் வட்டமான கூட்டுக்கு மட்டும் எனக்குத் திருப்தியான சொல் அமையவில்லை. இப்போதைக்குச் சுருள்கூடு என்று எழுதுகிறேன். இதைவிடப் பொருத்தமாகத் தோன்றினால் அனுப்புங்கள், பட்டியலில் சேர்த்துவிடலாம்.