திருகோணமலைக் கடற்படை நூதனசாலை: சென்று வந்தவர்களின் வழிகாட்டல் தேவை

அன்புள்ள உறவுகளுக்கு வணக்கம்.

எதிர்வரும் பாடசாலை விடுமுறையில் களுவாஞ்சிக்குடியிலிருந்து வாகரை, வெருகல், மூதூர் வழியாகக் குடும்பத்தோடு வான் வண்டியில் திருகோணமலைக்குச் சென்று, ஹூட்ஸ் டவர் கடற்படை நூதனசாலையைப் பார்க்க எண்ணியுள்ளோம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய அதே நாளில், முதல்நாள் இரவே அத்துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டிருந்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸ், எமது மட்டக்களப்புக் கடலில் 307 பேரைப் பலிகொண்டு மூழ்கியது. புலியந்தீவுக் கோட்டையில் பழைய பீரங்கியொன்றின் துருவேறிய வாயைத் தடவியபடி இக்கதையைக் கேட்ட என் மகன், அன்றிலிருந்து அந்தத் துறைமுகத்தைக் காட்டுமாறு கேட்டுக்கொண்டே இருக்கிறான். எம் கரையில் நடந்ததை எம் பிள்ளைகள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணமும்.

நூதனசாலை கடற்படைத் தளத்தினுள்ளே இருப்பதால், முன்கூட்டியே அனுமதி பெற வேண்டுமா, அல்லது வாயிலில் அடையாள அட்டையைக் காட்டினால் போதுமா? முழங்கால் வருத்தமுள்ள என் அப்பாவுக்காக வான் வண்டியை நூதனசாலை இருக்கும் மேடுவரை கொண்டுசெல்ல விடுவார்களா? விளக்கங்கள் தமிழிலும் உள்ளனவா? அதே நாளில் நிலாவெளி வீதியிலுள்ள போர் மயானத்தையும் பார்க்க நேரம் போதுமா? அண்மையில் சென்று வந்தவர்கள் அறியத் தந்தால் பேருதவியாக இருக்கும்.