புதுப்பிப்பு: பவளத் தொட்டிக்கு விளக்கு வாங்கியாச்சு

இரண்டடி கடல்நீர்த் தொட்டியில் மென்பவளம் வளர்க்க, விலை குறைந்த விளக்கு எது என்று முன்பு கேட்டிருந்தேன். கடைசியில் 165 வாட் 'பிளாக் பாக்ஸ்' (கறுப்புப் பெட்டி வடிவ மலிவு விளக்கு) எல்இடிதான் எடுத்தேன். நீல ஒளிக்கும் வெள்ளை ஒளிக்கும் கூட்டிக் குறைக்கத் தனித்தனித் திருகு இருப்பது வசதி. பவளத்துக்குள் வாழும் பாசிக்கு முக்கியமாக வேண்டியது 420 முதல் 460 நானோமீட்டர் வரையிலான நீல ஒளி. வெள்ளை பெரும்பாலும் நம் கண்ணுக்குத்தான். அதனால் நீலம் பாதி, வெள்ளை 10 சதவீதம்.

ஜோவாந்திட் (சின்னப் பூக்கள் மாதிரிக் கூட்டமாக வளரும் பவள வகை) எல்லாம் விரிந்து நிற்கின்றன. காளான் பவளம் மட்டும் ஓரம் சுருண்டது. பாறையின் நிழல் பக்கம் இறக்கியதும் தட்டு மாதிரி விரிந்துவிட்டது. ஃபேன் சத்தம் கொஞ்சம் உண்டு, டிவி ஓடினால் தெரியாது. அப்புறம், அக்ரோபோரா (கிளை விடும் கடினப் பவளம்) ஆசை இருப்பவர்கள் பார் மீட்டர் (ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் கருவி) இரவல் வாங்கி அளந்துவிட்டு முடிவெடுங்கள். அக்ரோபோராவுக்கு பார் அளவு 200க்கு மேல் வேண்டும். மென்பவளத்துக்கு 100 போதும்.