மார்கழிக் குளிரில் சென்னை – தனுஷ்கோடி, ஈசிஆர் வழி: ஒரு பைக், இரண்டு பேர்

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் கணவன் மனைவி இருவர், கிளாசிக் 350, நான்கு நாள். புதுச்சேரி, நாகப்பட்டினம், தொண்டி வழி. கடலில் தாழ்வு மண்டலம் நின்றுகொண்டு, பகலிலேயே வெயில் எட்டிப் பார்க்காத வாரம். போய் வந்தவர்கள் கவனிக்க வேண்டியதைச் சொல்லுங்கள்.

கடலூரிலிருந்து: பயப்படாதீங்க, இது லடாக் இல்லை. பேட்டரி இறங்காது, ஆயில் உறையாது. சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பமே 13.9 டிகிரிதான், 1895லும் 1905லும். ஆனால் 22 டிகிரித் தூறலில், நனைந்த பருத்திச் சட்டையோடு 60 கி.மீ. வேகத்தில் ஒரு மணி நேரம் போனால் பல் தந்தியடிக்கும். துணியின் ஈரத்தைக் காற்று உலர்த்தும்போது உடம்புச் சூட்டைத்தான் பிடுங்கிக்கொண்டு போகும். அதனால் மழை இல்லாவிட்டாலும் மழைக்கோட்டை மேலே போட்டுக் காற்றை அடையுங்கள். ஸ்வெட்டரைப் பற்றிய யோசனை அதற்கப்புறம். உள்ளே பருத்தி பனியன் வேண்டாம், விளையாட்டுக்குப் போடும் பாலியெஸ்டர் டி-ஷர்ட் சீக்கிரம் காயும். நெஞ்சுக்கு நேரே பழைய செய்தித்தாள் நாலு தாளை மடித்துச் செருகினால் போதும், தொப்பலாக நனைந்ததும் மாற்றிவிடலாம். கையுறைக்குள் டாக்டர்கள் போடும் மெல்லிய ரப்பர் கையுறை. சாக்ஸ் மேல் பாலித்தீன் பை, அதன் மேல் ஷூ.

ஹெல்மெட் கண்ணாடி மூச்சுக்காற்றில் மங்கும். பாத்திரம் கழுவும் திரவ சோப்பு ஒரு துளியை உள்பக்கம் தடவி, காய்ந்த பிறகு மெல்லிய துணியால் தெளியும்வரை துடையுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் பலன் போய்விடும். தினமும் காலையில் ஒரு தடவை.

டயர்: முன்னால் 32, பின்னால் ஆள் இருந்தால் 36. மத்தியான வெயிலில் பிடித்த காற்று, பத்து டிகிரி குறைந்தால் ஒன்றரை பி.எஸ்.ஐ. வரை இறங்கியிருக்கும். காலையில் வண்டி எடுக்கும் முன் பாருங்கள்.

மயிலாடுதுறையிலிருந்து: பின்னால் உட்காருபவரை யாரும் பேசவில்லையே. ஓட்டுபவர் கையும் காலும் வேலை செய்துகொண்டே இருக்கும், பின்னால் இருப்பவருக்கு அசைவே கிடையாது. முதுகு மறைப்பில் காற்றுப் படாது என்பது பாதி உண்மை. முழங்காலும் தோளும் வெளியேதான் இருக்கும். முதலில் விரல் மரத்துப்போகும், பிறகு பேச்சு குழறும், பிறகு தூக்கம் சொக்கும். தூங்கி விழுவது அசதி என்று நினைத்து ஓட்டிக்கொண்டே போவதுதான் ஆபத்து. முக்கால் மணிக்கு ஒரு தடவை நிறுத்தி, இறங்கி நடந்து, சூடாக ஏதாவது குடிக்க வேண்டும். தோளில் இரண்டு தட்டு என்றால் 'நிறுத்து' என்று கிளம்பும்போதே பேசிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்: குளிருக்குச் சால்வை போர்த்திக்கொண்டு பைக்கில் உட்காராதீர்கள். துப்பட்டாவும் அப்படித்தான். நுனி காற்றில் பறந்து பின்சக்கரத்தில், செயினில் சிக்கினால் கழுத்தை இழுத்துவிடும். குரங்குக் குல்லாவும் ஜிப் வைத்த மேல்கோட்டும் போதும்.

வேதாரண்யத்திலிருந்து: காலை ஏழரைக்கு முன்னால் வண்டி எடுக்காதீங்க. டெல்டா வயல்வெளியில் பனிமூட்டம் தரையோடு கிடக்கும், ஹைபீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், லோபீமில் போகணும். ராத்திரியில் மாடும் நாயும் தார்ச்சாலையில் வந்து படுக்கும், பகல் சூடு அங்கேதான் மிச்சம் இருக்கும். கறுப்பு மாடு இருபதடி வரும்வரை கண்ணில் படாது. பொங்கல் ஒட்டிப் போனால் அறுவடை மிஷினும், ரோட்டோரம் காயும் நெல்லும், வழுக்கும் வைக்கோலும் சேர்ந்துகொள்ளும்.

பெட்ரோலை காரைக்காலில் நிரப்புங்க. புதுச்சேரி ஆட்சிப் பகுதி, லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. அங்கே வாங்கும் மது பாட்டில் மட்டும் எல்லை தாண்டி வரக்கூடாது, சோதனைச் சாவடி உண்டு. மது குளிருக்கு நல்லது என்பதும் பொய்தான். தோலுக்கு ரத்தம் பாய்ந்து சூடு போலத் தெரியும், உள்சூடு இறங்கிப் போகும்.

காரில் போகிறவர்களுக்கு: மழையில் முன்கண்ணாடி உள்ளே மங்கினால் ஏ.சி.யை அணைக்காமல், குமிழைச் சூடு பக்கம் திருப்பி, வெளிக்காற்று வரவிடுங்கள். நம் ஊரில் ஹீட்டரைத் தொட்டே பார்க்காதவர்கள் அதிகம், முதல் தடவை தூசி வாசம் வரும். கண்ணாடி வெளிப்பக்கம் மங்கினால் ஏ.சி. அதிகக் குளிரில் ஓடுகிறது, வைப்பரைப் போட்டுக் குளிரைக் குறையுங்கள்.

பாம்பனிலிருந்து: துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணைப் பாருங்க. 1, 2 என்றால் புயல் சின்னம் தூரத்தில். 3 ஏற்றியாச்சு என்றால் இங்கேயே பலத்த காற்று, பாலத்தில் பைக் வேண்டாம். இரண்டு கி.மீ.க்கு மேல் நீளம், பக்கக்காற்று திடீரென்று தள்ளும், இணைப்பு இரும்புப் பட்டைகள் ஈரத்தில் வழுக்கும். 2025ல் திறந்த புது ரயில் பாலத்தைப் படமெடுக்க நடுவிலேயே கார் நிறுத்துவார்கள், அதையும் எதிர்பார்த்துப் போங்க.

பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல், மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண் கடல் என்பார்கள். வாடைக்காற்று மாதத்தில் குணம் தலைகீழ். சாந்தமானது என்று பெயர் வாங்கிய பக்கம்தான் அப்போது பொங்கும், அதை நம்பி இறங்காதீங்க. 2017ல் திறந்த முகுந்தராயர் சத்திரம் – அரிச்சல்முனை சாலையில் காற்று மணலைக் கொண்டுவந்து கொட்டும். மணல் திட்டில் பிரேக் பிடித்தால் முன்சக்கரம் சறுக்கும். முன்கூட்டியே வேகம் குறைத்து நேராக உருண்டு கடக்கணும். இருட்டும் முன்னால் திரும்பிடுங்க.

சபரிமலை முடித்து வரும் வேன்களால் இராமேஸ்வரத்தில் ரூம் கிடைப்பது கஷ்டம். கிடைத்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: வெந்நீர் கீசரா, சோலாரா? இரண்டு நாள் மேகம் போட்டால் சோலாரில் பச்சைத் தண்ணீர்தான் வரும்.

கடலூரிலிருந்து மறுபடி: உப்பை மறந்துட்டோமே. தனுஷ்கோடியிலிருந்து வந்த அன்றே நல்ல தண்ணீரில் வண்டியைக் கழுவி, செயினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, 90 நம்பர் கியர் ஆயில் பூசி, வழிவதைத் துடையுங்கள். அதிக அழுத்த வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைச் செயின் பக்கம் காட்டவிடாதீர்கள், செயின் இணைப்புகளில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் வழியே தண்ணீர் உள்ளே போகும். நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஃபேன் அடியில் சாய்த்து வைத்தால் காலையில் போடலாம்.