காது கேளாத பிள்ளையும் தமிழ் எழுத்தும்: மும்பை வகுப்பறைகளில் பார்ப்பவை

சிறப்பு ஆசிரியை, மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளிகள், தாராவி:

“நேற்று அம்மா பால் நான் கொடு முடி.”

காது கேளாத பிள்ளைகளின் நோட்டில் இந்த மாதிரி வாக்கியம் அடிக்கடி வரும். சிவப்பு மையால் அடித்துவிட்டு, “இதுக்கு மொழியே ஏறல” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதே பிள்ளையைச் சைகையில் சொல்லச் சொல்லிப் பாருங்கள். முதலில் ‘நேற்று’. அடுத்து அம்மாவை வலப்பக்கம் ஓர் இடத்தில் நிறுத்துகிறாள். பால். ‘கொடு’ என்ற சைகை அம்மாவை வைத்த இடத்தில் கிளம்பி அவள் நெஞ்சுக்கு வந்து நிற்கிறது. கடைசியில் ‘முடிந்தது’. யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார், எப்போது, எல்லாமே அதில் இருக்கிறது. தமிழில் உருபு செய்கிற வேலையை இந்திய சைகை மொழியில் கையின் திசை செய்கிறது. காகிதத்தில் அந்தத் திசை மட்டும் விழவில்லை.

ஆகவே திருத்தத்தை அங்கிருந்தே தொடங்கலாம். பிள்ளை சைகையில் சொல்வதை போனில் வீடியோ எடுங்கள். நோட்டில் மேல் வரியில் சைகை வரிசையை எழுதி, ‘கொடு’வுக்கு ஓர் அம்புக்குறி போடுங்கள். அம்பின் வால் யாரிடம் இருக்கிறதோ அவர் கொடுப்பவர். முனை யாரைத் தொடுகிறதோ அவர் பெயரோடு மஞ்சள் அட்டையில் எழுதிய ‘க்கு’ ஒட்டும். கீழ் வரியில் முழுத் தமிழ் வாக்கியம். மேல் வரியை அடிக்கவே கூடாது, அது பிழையில்லை. கொடு, அனுப்பு, காட்டு, சொல் போன்று கை நகர்கிற வினைகளை மட்டும் முதலில் எடுங்கள்.

பெயர்களின் வரிசையும் முக்கியம். தம்பிக்கு, பாட்டிக்கு, கடைக்கு: இவற்றில் அட்டை அப்படியே ஒட்டும். இவை கைவந்த பிறகு அம்மாவுக்கு, அப்பாவுக்கு. மரத்துக்கு, படத்துக்கு போன்றவை கடைசியில்தான். முதல் வாரத்திலேயே ‘மரம்’ கொடுத்தால் ‘மரம்க்கு’ என்று எழுதி, அது பழகிப்போகும். எனக்கு, உனக்கு இரண்டையும் உடைக்காமல் முழுச் சொல்லாகவே காட்டுங்கள். பிறகு ஓர் இடத்தில் எல்லாப் பிள்ளைகளும் தடுமாறுவார்கள்: ‘எனக்குப் பசிக்கிறது’. இங்கே கை எங்கும் போகவில்லை, ஆனாலும் ‘க்கு’ வருகிறது. பசிக்கும், பிடிக்கும், தெரியும், வேண்டும் இவற்றுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கி, அம்புக்குறி இல்லாமல் நடத்துங்கள். இரண்டையும் கலந்தால் முன்பு கற்றதும் குழம்பும்.

இன்னொன்று. கேட்கும் பிள்ளை ல, ள, ழவில் தடுக்கி விழும், காதால் எழுதுவதால். காது கேளாத பிள்ளைகள் பலர் அவற்றைச் சரியாகவே எழுதுகிறார்கள், சொல்லை உருவமாக நினைவில் வைத்திருப்பதால். அவர்களிடம் விட்டுப்போவது உருபும் விகுதியும். இரண்டு பேருக்கும் ஒரே டிக்டேஷன் வைத்து ஒரே மாதிரி மதிப்பெண் போடுவதில் நியாயமே இல்லை.

ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறன் நிபுணர்), சயான்:

அக்கா சொன்னதோடு உதட்டசைவைப் பற்றியும் சேர்க்கணும். “என் வாயைப் பார்த்தா புரிஞ்சுக்குவான்” என்று நம்பும் வீடுகள் ஏராளம். ப, ம இரண்டும் உதட்டில் ஒன்றே. அப்பா, அம்மா இரண்டையும் சத்தமில்லாமல் சொல்லிக் கண்ணாடியில் பாருங்கள், வித்தியாசம் தெரியாது. மும்பையில் இந்திக்கார ‘பாப்பா’, மராத்தி ‘பாபா’, இரண்டுக்கும் பொதுவான ‘மாமா’ எல்லாமே அதே உதடுதான். க தொண்டைப் பக்கம் பிறப்பது, ல, ள, ழ வாய்க்குள் நடப்பது. நம் உருபுகளும் பேச்சில் அழுத்தமில்லாமல் சொல்லின் வாலில் தேய்ந்து போகின்றன. உதட்டில் படிப்பது ஊகத்துக்குத் துணை. அதை மட்டும் வைத்து ஒரு மொழியைக் கட்ட முடியாது.

காது மெஷின் போட்ட பிள்ளைக்குத் தினமும் காலையில் ஆறு ஒலிகள்: ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். முதலில் ஒரு மீட்டர் தள்ளி, பிறகு மூன்று மீட்டர். பின்னால் நின்று சொல்லுங்கள், உள்ளங்கையால் வாயைப் பொத்தினால் ஸ், ஷ் மங்கிவிடும். சின்னப் பிள்ளை ஒலி கேட்டதும் டப்பாவில் ஒரு பாசிமணி போடட்டும், பெரிய பிள்ளை திருப்பிச் சொல்லட்டும். நேற்று வரை ஸ் கேட்ட பிள்ளைக்கு இன்று கேட்கவில்லை என்றால் பேட்டரி, டியூப், மோல்டு (காதுக்குள் பொருந்தும் அச்சு) மூன்றையும் பாருங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே ஈரம்தான் முதல் எதிரி. டியூபில் நீர் முத்துக் கோத்தால் மெஷின் வேலை செய்தும் ஒலி காதுக்குப் போகாது. காற்று ஊதும் ரப்பர் பல்பால் நீரை வெளியேற்றுங்கள். இரவில் மெஷினை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் டப்பாவில் வையுங்கள், பேட்டரியை மட்டும் வெளியே எடுத்துவிடுங்கள். ஜிங்க்-ஏர் பேட்டரி அந்த டப்பாவுக்குள் சீக்கிரம் காய்ந்துவிடும். புது பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிடம் காற்றுப் படவிட்டுப் பிறகு போடுங்கள். மெஷின் விசில் அடித்தால் பெரும்பாலும் காது வளர்ந்து மோல்டு தளர்ந்திருக்கும். ஐந்து வயதுக்குள் சில மாதங்களுக்கு ஒருமுறை மோல்டு மாற்ற வேண்டி வரும். ஒலியைக் குறைத்து விசிலை நிறுத்துவது பிள்ளையின் காதைத் திரும்ப மூடுவது போல.

ஐந்தாம் வகுப்பு ஆசிரியர், தமிழ்வழிப் பள்ளி, சயான் கோலிவாடா:

கேட்கும் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் ஒரே ஒரு காது கேளாத பிள்ளை என்றால் முதலில் வெளிச்சத்தைச் சரி செய்யலாம். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் ஆசிரியரின் முகம் நிழலாகிவிடும். முதல் பெஞ்சில் நடுவே உட்கார வைத்தால் கூடப் படிப்பவர்கள் பதில் சொல்வது தெரியாது. இரண்டாம் வரிசையில் ஓரமாக, கொஞ்சம் திரும்பினால் வகுப்பே தெரிகிற மாதிரி உட்கார வையுங்கள். போர்டில் எழுதிக்கொண்டே பேசாதீர்கள். யார் பதில் சொல்கிறாரோ அவரைக் கையால் காட்டிவிட்டுப் பேச விடுங்கள். பேசுகிற ஒலி சுற்றுச் சத்தத்தைவிட 15 டெசிபல் கூடுதலாக இருக்கணும் என்பது வழக்கமான பரிந்துரை. ஃபேனும் ரயிலும் ஓயாத நம் அறைகளில் அது நடக்காது. எழுத்தும் சைகையும் இல்லாமல் மெஷினை மட்டும் நம்ப முடியாது.

சைகை மொழி பயிற்றுநர் (காது கேளாதவர்), மாட்டுங்கா:

எல்லோரும் முறையைப் பேசுகிறீர்கள். மனப்போக்கையும் பேச வேண்டும். 1880ல் மிலானில் கூடிய காது கேட்கும் ஆசிரியர்கள் வகுப்பில் சைகை வேண்டாம், பேச்சு மட்டும் போதும் என்று தீர்மானம் போட்டார்கள். 2010ல் வான்கூவரில் நடந்த மாநாடு அதை நிராகரித்தது. இடையில் போன 130 ஆண்டு தலைமுறைகளின் பள்ளிக்காலம். அந்தப் பழக்கம் இன்னும் இருக்கிறது: வகுப்பில் வாயைத் திற என்பார்கள், பிள்ளைகள் நடைபாதையில் சைகை பேசிக்கொள்வார்கள். லோக்கல் ரயிலில் சைகை செய்தால் பெற்றோர் கையைப் பிடித்து இறக்குகிறார்கள். சைகை பேசினால் பேச்சு வராது என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. எந்த மொழியும் இல்லாமல் முதல் ஐந்து வருடம் போவதுதான் ஆபத்து. காது கேளாத பிள்ளைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கிறார்கள். அந்த வீட்டில் யாராவது கற்றுக்கொண்டால்தான் பிள்ளைக்கு அங்கே மொழி கிடைக்கும்.

“மும்பையில் தமிழ் எதற்கு, ஒரே மொழி போதும்” என்ற அறிவுரையும் பெற்றோருக்குக் கிடைக்கிறது. மே மாதம் திருநெல்வேலிக்குப் போகும் பிள்ளை ஆச்சியிடம் ஒரு வரி எழுதிக் காட்ட முடியாமல் நிற்கும். சைகை மொழி முழுதாக இருந்தால் இரண்டாவது எழுத்தும் ஏறும். ஆனால் தமிழ், தேவநாகரி, ஆங்கிலம் மூன்றையும் ஒரே மாதத்தில் தொடங்காதீர்கள். பள்ளி எந்த எழுத்தில் நடக்கிறதோ அதில் சிறு வாக்கியம் தானாக எழுத வந்ததும் அடுத்ததைத் தொடங்குங்கள்.

புதுச் சொல்லுக்கு இந்த வரிசை: சைகை, எழுத்து அட்டை, உள்ளங்கையில் விரலால் எழுதுவது, மறுபடி சைகை. நம் இரண்டு கை விரல் எழுத்துகள் ஆங்கில அகரவரிசைக்கு உரியவை. ‘அம்மா’வை ஏ-எம்-எம்-ஏ என்று விரலில் காட்டிவிட்டு அட்டையில் தமிழைக் காட்டினால் பிள்ளைக்கு இரண்டும் ஒட்டாது.

ஊருக்கு ஊர் சைகை மாறுகிறதே, எதைச் சொல்லிக் கொடுப்பது என்று கேட்பார்கள். நிறங்கள், கிழமைகள், உறவுமுறைகளில் மும்பை, டெல்லி, பெங்களூரு வேறுபடும், இலக்கணம் ஒன்றுதான். பிள்ளை கொண்டுவரும் சைகையை அழிக்க வேண்டாம், இன்னொன்றைச் சேர்த்துக் காட்டுங்கள். டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021ல் அகராதியை 10,000 சொற்களாக்கியது. வீடியோக்கள் இலவசம். மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்சிஇஆர்டியோடு 2020ல் ஒப்பந்தம் போட்டுப் பாடநூல்களையும் சைகையில் கொடுக்கிறார்கள். விளக்கத்துக்குத் தமிழ் இல்லாத இடத்தில் அதை ஆசிரியர்தான் சேர்க்க வேண்டும்.

சிறப்பு ஆசிரியை, தாராவி:

பயிற்றுநர் சார் புதுச் சொல்லுக்குச் சொன்ன வரிசை சரி. உள்ளங்கையில் எழுதும்போது மட்டும் பிள்ளைக்குப் பக்கத்தில், அதே திசை பார்த்து உட்காருங்கள். எதிரே உட்கார்ந்து எழுதினால் எழுத்து தலைகீழாகப் போகும். ‘கொ’, ‘கோ’வில் க-வுக்கு முன்னும் பின்னும் குறி வருவதால் முதலில் மூன்று துண்டுகளையும் சேர்த்துக் காட்டி, பிறகு கையில் எழுதுங்கள்.

வீட்டாரிடம் சொல்ல வேண்டிய ஒன்று வாட்ஸ்அப். “vanthutiya”, “saptiya” என்று ஆங்கில எழுத்தில் பேச்சுத் தமிழ் அனுப்பினால் பிள்ளை அதை எங்கேயும் பார்த்திருக்காது. கேட்கும் பிள்ளை வாய்விட்டுப் படித்துப் புரிந்துகொள்ளும், இவர்களால் முடியாது. தமிழ் எழுத்தில், புத்தக வடிவில், ஒரு வரி போதும்: ‘அம்மா கடைக்குப் போகிறேன். நீ சாப்பிட்டாயா?’ பதில் உருபு இல்லாமல் வந்தால் திருத்தி அனுப்பாதீர்கள். அதே சொற்களை உருபோடு வைத்து அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.