உதவி: மீனவர் படம் போட்ட நீல டீபாட் வூஸ்டர்தானா?

கறுப்புத்தேநீர்:
வணக்கம். பர்மிங்ஹாமில் இருக்கிறேன். பழைய ஆங்கிலேயப் பீங்கான் சேர்க்கும் ஆசை இப்போதுதான் பிடித்திருக்கிறது. போன வாரம் ஒரு பழம்பொருள் சந்தையில் நீல வெள்ளை டீபாட் ஒன்று வாங்கினேன். உருண்டை வடிவம், மூடியில் பூ வடிவக் குமிழ். உடம்பில் சீனக் காட்சி: தண்ணீர், தீவு, படகு, நின்றபடி மீனைத் தூக்கிக் காட்டும் ஒருவர், உட்கார்ந்து தூண்டில் போடும் இன்னொருவர். கடைக்காரர் ரசீதில் "வூஸ்டர், சுமார் 1780, பழுது இல்லை" என்று எழுதிக் கொடுத்தார். வூஸ்டர் என்பது பழைய ஆங்கிலேயப் பீங்கான் தொழிற்சாலை.

அடியில் நீலத்தில் ஒரு பிறை இருக்கிறது. உற்றுப் பார்த்தால் "சி" எழுத்து மாதிரியும் தெரிகிறது. வெந்நீர் ஊற்றிக் கழுவியபோது உள்பக்கம் வாயிலிருந்து கீழே பழுப்பாக ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. மூக்கின் நுனி மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் வெள்ளை. இது வூஸ்டர்தானா? கோடு விரிசலா, வெறும் டீக் கறையா? கறையைப் போக்க வழி உண்டா? இதில் டீ போட்டுக் குடிக்கலாமா?

நீலக்கோடு:
முதலில், இனிமேல் வெந்நீர் வேண்டாம்.

அடி முத்திரையைக் கடைசியாகப் பாருங்கள். யார் வேண்டுமானாலும் பிறை போடலாம், போட்டும் இருக்கிறார்கள். பாரிஸில் சாம்சன் பட்டறை 19-ஆம் நூற்றாண்டில் வூஸ்டர் மாதிரிகளை முத்திரையோடு சேர்த்தே செய்து விற்றது. அது வன்பீங்கான், அதாவது அதிக சூட்டில் சுட்ட கடினமான வகை, கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும்.

நான்கு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். நிற்பவர் கையில் இருக்கும் மீன் குட்டையாக, கொழுத்து இருக்கிறதா, நீளமாக, ஒல்லியாக இருக்கிறதா? உட்கார்ந்திருப்பவரின் தூண்டில் நூல் விறைப்பாக நிற்கிறதா, தொய்ந்து வளைகிறதா? இருட்டில் உள்ளே டார்ச் வைத்தால் பீங்கான் பச்சையாகத் தெரிகிறதா, ஆரஞ்சாகவா? அடி வளையத்தின் குறுக்குவெட்டு முக்கோணமா, சதுரமா?

சிறுகெண்டி:
நீலக்கோடு அண்ணா ஏன் மீனைப் பார்க்கச் சொல்கிறார் என்று புதியவர்களுக்குப் புரியாது, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

வூஸ்டர் தொழிற்சாலை 1751-இல் தொடங்கியது. டாக்டர் ஜான் வால், வில்லியம் டேவிஸ் என்று சிலர் கூட்டாகப் பணம் போட்டது. மாக்கல்லைச் சேர்த்து அவர்கள் செய்த பீங்கான், கொதிநீர் ஊற்றினாலும் சட்டென்று வெடிக்காது. அந்தக் காலத்து ஆங்கிலேய மென்பீங்கானில், அதாவது குறைந்த சூட்டில் சுட்ட வகையில், அது லேசான விஷயம் இல்லை. அங்கே தொழில் பார்த்த தாமஸ் டர்னர் 1770-களில் ஷ்ராப்ஷரில், செவர்ன் ஆற்றுக்குப் பக்கத்தில், காஃப்லியில் தன் தொழிற்சாலையை நடத்த ஆரம்பித்தார். அங்கேயும் மாக்கல் பீங்கான், நீல அச்சு, அதே சீனக் காட்சிகள். உங்கள் மீனவர் படத்தை இரண்டு இடத்திலும் அச்சடித்தார்கள். 1799-இல் காஃப்லி, கோல்போர்ட் என்ற இன்னொரு பீங்கான் தொழிற்சாலைக்காரர்கள் கைக்குப் போனது.

படத்தைச் செதுக்கி அச்செடுக்கும் செப்புத் தகடு இரண்டு இடத்திலும் வேறு வேறு என்பதால் படத்தில் சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு. காஃப்லியில் மீன் குட்டை, நூல் விறைப்பு. வூஸ்டரில் மீன் ஒல்லி, நூல் தொய்வு. அடி வளையம் பெரும்பாலும் காஃப்லியில் சதுரம், வூஸ்டரில் முக்கோணம். வெளிச்சத்தில் காஃப்லி பெரும்பாலும் ஆரஞ்சு சாயல் காட்டும், வூஸ்டர் பச்சை. ஆனால் பச்சை காட்டும் காஃப்லியும் உண்டு, அதனால் நிறத்தை மட்டும் வைத்துச் சத்தியம் செய்யாதீர்கள்.

பிறைக்கும் ஒரு சோதனை இருக்கிறது. வூஸ்டரில் அச்சுப் படம் போட்ட சாமானுக்கு உள்ளே கோடு கோடாக நிரப்பிய பிறை வரும். கையால் தீட்டியதற்குத்தான் வெற்றுக் கோட்டுப் பிறை. காஃப்லி "எஸ்", "சி" போடும். "எஸ்" என்பது சலோப்பியன், அதாவது ஷ்ராப்ஷரைச் சேர்ந்தது. அந்த "சி"யைப் பிறை என்று விற்பது ரொம்ப நாளாக நடக்கும் கதை.

கறுப்புத்தேநீர்:
பார்த்துவிட்டேன். மீன் நன்றாகக் கொழுத்தது. நூல் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராக இருக்கிறது. டார்ச் வெளிச்சத்தில் தேன் நிறம். அடி வளையம் சதுரம். பூதக்கண்ணாடியில் படம் முழுக்க நுண்ணிய கோடுகள், தூரிகை வேலை இல்லை. முத்திரைக்குள்ளே கோடு எதுவும் இல்லை.

நீலக்கோடு:
அப்படியானால் காஃப்லி. சுமார் 1780 முதல் 1799க்குள் என்று வைத்துக்கொள்ளலாம். வருத்தப்பட வேண்டாம், அச்சு வகையில் இரண்டுக்கும் விலை இடைவெளி பலர் நினைப்பதைவிடக் குறைவு. எனக்குக் காஃப்லி அச்சுதான் அழகு, நீலம் இன்னும் கூர்மையாக விழுந்திருக்கும்.

ஆனால் அந்த மூக்கு எனக்குப் பிடிக்கவில்லை. நுனியைப் பல்லில் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். பீங்கான்மேல் இருக்கும் கண்ணாடிப் பூச்சு, அதாவது மெருகு, சில்லென்று, கடினமாக இருக்கும். பெயின்ட் அடித்த இடம் மந்தமாக, மிருதுவாகத் தெரியும். புற ஊதா டார்ச் இருந்தால் இருட்டில் அடித்துப் பாருங்கள். ஒட்டுப்போட்ட இடம் வேறு நிறத்தில் ஒளிரலாம். ஒளிராவிட்டாலும் பழுது இல்லை என்று அர்த்தம் இல்லை.

பழஞ்சாமான்:
கறைக்கு எதற்கு இத்தனை யோசனை? ஒரு மூடி ப்ளீச் ஊற்றி ராத்திரி ஊறவையுங்கள், பளிச்சென்று ஆகிவிடும்.

சிறுகெண்டி:
ஐயோ, வேண்டவே வேண்டாம். குளோரின் ப்ளீச் விரிசலுக்குள் உப்பை விட்டுவிடும். அது காய்ந்து படிகமாகும்போது மெருகு செதில் செதிலாக எழும்பும். இன்று பளிச், அடுத்த வருஷம் பொருக்கு.

கறுப்புத்தேநீர், வாயிலிருந்து இறங்கும் பழுப்புக் கோடு பெரும்பாலும் மயிரிழை விரிசல்தான், டீ உள்ளே இறங்கி நிறம் ஏறியிருக்கும். போக்க வேண்டுமானால், முதலில் காய்ச்சி வடித்த நீரில் நன்றாக ஊறவிடுங்கள். காய்ந்த பீங்கானில் மருந்தை வைத்தால் கறை இன்னும் உள்ளே போகும். பிறகு மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைப் பஞ்சில் நனைத்துக் கோட்டின்மேல் ஒட்டி, பிளாஸ்டிக் தாளால் மூடி வையுங்கள். பஞ்சு காயவிடாமல் மாற்றுங்கள். கடைசியில் நல்ல தண்ணீரில் பலமுறை அலசுங்கள். உங்கள் நீலம் மெருகுக்கு அடியில் இருப்பதால் அதற்கு ஆபத்து இல்லை. தங்க விளிம்போ, மெருகுக்கு மேலே தீட்டிய வண்ணமோ இருந்தால் கிட்டவே போகக்கூடாது. மூக்கிலும் படக்கூடாது, ஒட்டுப்போட்டிருந்தால் கரைந்து கையில் வரும். அதனால் முதலில் மூக்கைச் சோதியுங்கள். திருப்பிக் கொடுக்கும் யோசனை இருந்தால் எதையும் தொடாதீர்கள்.

டீ வேண்டாம். விரிசல் இருக்கிறது, அதற்கும் மேலாக அந்தக் காலத்து மெருகில் ஈயம் உண்டு.

கறுப்புத்தேநீர்:
மூக்கைத் தட்டினேன், மந்தம். புற ஊதா வெளிச்சத்தில் நுனி மட்டும் பால்வெள்ளையாக ஒளிர்கிறது. இனி என்ன செய்யலாம்? இன்னொன்று: அதே கடையில் இதே படம் போட்ட கைப்பிடியில்லாக் கிண்ணங்களும் கைப்பிடி வைத்த கப்புகளும் இருந்தன. சாஸர் மட்டும் பாதி எண்ணிக்கைதான். பாதி உடைந்துபோயிருக்குமோ?

ஆறாத்தேநீர்:
உடையவில்லை, அந்தக் கணக்கே அப்படித்தான். டீக்குக் கைப்பிடியில்லாக் கிண்ணம், காப்பிக்குக் கைப்பிடிக் கப், இரண்டுக்கும் பொதுவாக ஒரே சாஸர். ஒரே நேரத்தில் இரண்டையும் யாரும் குடிக்கப் போவதில்லையே. முழு செட்டில் டீபாட், அதன் தட்டு, சர்க்கரைக் கிண்ணம், பால் ஜாடி, மிச்ச டீயைக் கொட்டும் கிண்ணம் எல்லாம் வரும். 1784-இல் தேயிலை வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5-க்குக் குறைத்த பிறகு வீட்டுக்கு வீடு டீ ஓடியது, டீபாட்டும் பெரிதாகத் தொடங்கியது. அதற்கு முந்தியவை சில நேரம் பொம்மைச் சாமான் போல இருக்கும்.

கிண்ணங்களை வாங்கலாம், ஆனால் ஒவ்வொன்றிலும் மீனைப் பாருங்கள். இரண்டு தொழிற்சாலைச் சாமானும் கலந்து ஒரே செட் என்று வரும். டீபாட் மூடியையும் பாருங்கள், நீலத்தின் சாயல் உடம்போடு ஒத்துப்போகிறதா, உள்விளிம்பு ஆடாமல் உட்கார்கிறதா என்று. மூடி மாற்றிய டீபாட் ஏராளம்.

நீலக்கோடு:
ரசீது உங்கள் கையில் இருக்கிறது. தொழில் செய்யும் வியாபாரி என்றால், பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பொருள் அவர் சொன்ன விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும். 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். காஃப்லி என்பதைவிட "பழுது இல்லை" என்ற வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதில் வாதாட இடமே இல்லை. மூக்கையும் விரிசலையும் படம் எடுத்து மரியாதையாக எழுதுங்கள்.

கறுப்புத்தேநீர்:
எழுதினேன். முழுப் பணம், இல்லையென்றால் பாதி விலை கழித்துத் தருகிறேன் என்றார். மூடி சரியாக உட்கார்கிறது, நீலமும் ஒத்துப்போகிறது. பாதி விலைக்கு வைத்துக்கொண்டேன். எல்லாருக்கும் நன்றி.

சிறுகெண்டி:
நல்ல முடிவு. "காஃப்லி, மூக்கு ஒட்டு, மயிரிழை விரிசல்" என்று ரசீதைத் திருத்தி எழுதி வாங்கிவிடுங்கள், நாளைக்கு விற்கும்போது உதவும். அப்புறம், தூக்கும்போது கைப்பிடியை நம்பாமல் அடியில் கை கொடுங்கள்.