லினக்ஸ் ‘டிஸ்ட்ரிபியூசன்’: வழங்கலா, தொகையா?

கல்லடியிலிருந்து:

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

சாதாரண தர மாணவருக்கான, லினக்ஸ் என்னும் கணினி இயங்குதளம் பற்றிய எனது கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அதில் ‘டிஸ்ட்ரிபியூசன்’ என்பதற்கு எந்தத் தமிழ்ச்சொல்லை இடலாம் என்பதே என் கேள்வி. “இணைய இணைப்பை எளிதாகத் தரும் லினக்ஸ் வழங்கல் எது?” என்று முதற்பாடத்துக்குத் தலைப்பிட்டிருந்தேன். வரைவை வாசித்த மாணவி ஒருத்தி, “சேர், நீர் வழங்கல் சபை மாதிரியா?” என்று கேட்டாள். ‘சேர்வர்’ என்னும் கணினியை நாம் ஏற்கனவே ‘வழங்கி’ என்பதால், “வழங்கியிலிருந்து வழங்கலைத் தரவிறக்குக” என்றொரு வசனமும் மூன்றாம் பக்கத்தில் வந்து நிற்கிறது.

பொருள் இதுதான். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட கருவை (இயங்குதளத்தின் மையப் பகுதியான ‘கெர்னலை’) மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மாணவனால் எதுவும் செய்ய இயலாது. அதனோடு பணிமேடை, நிறுவி, வலையமைப்புக் கருவி, வன்பொருள் இயக்கிகள் ஆகியவற்றைத் தெரிந்தெடுத்து ஒருங்கே கட்டித் தருவதற்கே பெயர் தேவை. சென்ற வகுப்பில் இரு மடிக்கணினிகளை யூஎஸ்பியிலிருந்து ‘லினக்ஸ் மின்ட்’ என்னும் டிஸ்ட்ரிபியூசனில் தொடக்கினோம். ஒன்றில் வைபை பெயர்கள் உடனே வரிசையாகத் தோன்றின. பிராட்கொம் நிறுவனத்தின் வைபை அட்டையுள்ள மற்றதில் ஒன்றுமே தோன்றவில்லை. கைப்பேசியை வயரால் இணைத்து அதன் டேட்டாவைக் கொடுத்த பின்பு, மின்டின் ‘டிரைவர் மேனேஜர்’ உரிய இயக்கியைத் தேடிப் போட்டது. புதியவருக்கு நான் மின்டைப் பரிந்துரைப்பது இந்தக் கருவிக்காகவே. எதை எதைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்பதைச் சொல் உணர்த்த வேண்டும்.

காரைதீவிலிருந்து:

ஐயா, விபுலானந்த அடிகள் பிறந்த ஊரிலிருந்து எழுதுகிறேன்; கலைச்சொல்லுக்காக அவர் உழைத்த உழைப்பை நினைத்தால் அவசரத்தில் ஒரு சொல்லை எடுத்துவிட மனம் வரவில்லை. ‘வழங்கல்’ கொடுக்கும் செயலைத்தான் சொல்கிறது. “உலகம் வழங்கி வருதலால்” என்னும் குறளிலோ வழங்குதல் நிலைபெற்று நடத்தல், ‘வழக்கு’ம் அவ்வேரினதே. தொகுத்தல் என்ற கருத்து இவற்றுள் எங்கும் இல்லை. நான் ‘தொகை’ என்பேன். அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர், பாடியவர்கள் பலர். டெபியன் என்னும் லினக்ஸ் டிஸ்ட்ரிபியூசன் 1993 முதல் செய்வதும் அதுவே. அதிலிருந்து 2004இல் உபுண்டுவும், உபுண்டுவிலிருந்து 2006இல் மின்டும் தொகுக்கப்பட்டன.

கல்முனையிலிருந்து:

“எந்தத் தொகையைத் தெரிவு செய்வது?” என்று வாசிக்கும் பிள்ளை பணத்தைத்தான் நினைப்பாள். அன்றியும் வேற்றுமைத்தொகையில் உருபு மறைந்து நிற்கிறது. மூலநிரலை மறைக்காத மென்பொருளுக்கு அப்பெயரைச் சூட்டலாமா? கணிதத்தில் நாம் கற்பிக்கும் ‘பரம்பல்’ தரவு பரவிக் கிடப்பதைக் குறிப்பதால் அதுவும் இங்கே பொருந்தாது. மின் விநியோகம் என்று எல்லோரும் சொல்கிறார்களே, ‘விநியோகம்’ என்றே எழுதுங்கள். வடசொல் என்பதற்காக விளங்கும் சொல்லைத் தள்ளினால் இழப்பு மாணவருக்கே.

காரைதீவிலிருந்து:

உருபு மறைதலே தொகை என்பது ஒரு கொள்கை. பல சொல் ஒருசொல்லாக இயைதலே தொகை என்பாரும் உரையாசிரியருள் உண்டு. பல மென்பொருள்கள் ஒரே இயங்குதளமாக இயைவதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. விநியோகமோ மின்சாரம் போலவே வெளியே அனுப்புவதைத்தான் சொல்கிறது. வழங்கலில் நான் கண்ட குறை அதிலும் அப்படியே இருக்கிறது.

அக்கரைப்பற்றிலிருந்து:

இணையத்தில் தமிழில் லினக்ஸ் பற்றித் தேடும் பிள்ளைக்கு ‘வழங்கல்’ என்ற சொல்லே கிடைக்கும். நம் கையேட்டில் மட்டும் வேறு சொல் இருந்தால், வைபை வேலை செய்யாத நாளில் அவளால் உதவி தேடவும் முடியாது. ஆகவே என் விருப்பம் வழங்கலே.

கல்லடியிலிருந்து:

தனிமடல்களையும் சேர்த்து எண்ணினால் வழங்கலுக்கு ஐவர், விநியோகத்துக்கு இருவர், தொகைக்கு ஒருவர். தலைப்பில் ‘வழங்கல்’ என்றும், முதற்பக்கத்தில் “பல மென்பொருள்களைத் தெரிந்து தொகுத்து வழங்குவது” என்றும் எழுதுகிறேன். சேர்வரை அந்தப் பாடத்தில் ‘சேர்வர்’ என்றே விடுகிறேன்.

காரைதீவிலிருந்து:

விளக்கத்தில் ‘தொகுத்து’ என்று வந்ததற்கு நன்றி ஐயா. ஆயினும் என் உடன்பாடின்மையைப் பதிந்து வையுங்கள். இரண்டாம் பதிப்பின்போது மீண்டும் எழுதுவேன்.